பஞ்சுக்கு வரி வேண்டாம், பாமாயிலுக்கு வேணும்: ஒரு பட்ஜெட் மனு

எங்கள் சங்கத்தில் நாற்பத்திச் சொச்சம் பேர். எல்லோரும் திருப்பூரைச் சுற்றி நிட்டிங் ஜாப் ஒர்க், அதாவது பிறர் நூலைக் கூலிக்குத் துணியாகப் பின்னித் தருகிற வேலை, செய்கிறவர்கள். நாலு மெஷின் போட்டவரும் உண்டு, இருபது போட்டவரும் உண்டு. பட்ஜெட்டுக்கு முன்னால் டில்லிக்கு ஒரு மனு அனுப்புவது வழக்கம். இத்தனை வருஷமும் ஒரே மனுவில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். 2025 டிசம்பரில் தலைவர் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"நமக்கு இது வேணும், அது வேணும்னு எழுதுனா அவிய கண்டுக்க மாட்டாங்க. நாட்டுக்கு என்ன லாபம்னு எழுதுங்க. அக்டோபர்ல மட்டும் ஏத்துமதிக்கும் எறக்குமதிக்கும் நடுவுல நாலாயிரத்து நூறு கோடி டாலருக்கு மேல துண்டு விழுந்திருக்குதாமா. அதைக் கொறைக்கறதுக்கு வழி இன்னதுன்னு ஒரு பக்கம் எழுதி, அதுக்குள்ளாற நம்ம கோரிக்கைய வெச்சுருங்க."

சாமர்த்தியமான யோசனைதான். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வர்த்தகப் பற்றாக்குறையைக் குறைக்க ஐந்தாறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் எனக்கு வேண்டிய யாரோ ஒருவரின் வயிற்றில் அடிக்கிறது. எதைக் கேட்பது, எதை விடுவது என்று நான் அடித்து அடித்து எழுதிய கணக்குதான் இது.

முதலில் துண்டு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 2024-25ல் இந்தியா வெளிநாட்டுக்கு விற்ற சரக்கு சுமார் 43,700 கோடி டாலர், வாங்கியது சுமார் 72,000 கோடி டாலர். இடைவெளி 28,000 கோடி டாலருக்கு மேல். கேட்டால் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் சரக்குக் கணக்கு என்பது வீட்டுக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும்தான். மென்பொருள் முதலான சேவைகளை விற்றதில் நமக்கு மிச்சம் ஏறக்குறைய 18,900 கோடி டாலர். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் அனுப்பியது 13,000 கோடி டாலருக்கு மேல். வெளியே போகிற வட்டி, லாபம் எல்லாவற்றையும் கழித்த பிறகு நடப்புக் கணக்கில் நின்ற பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.6 சதவீதம். 2012-13ல் அது 4.8 சதவீதமாக இருந்தது. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

துண்டு விழுவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தொழிலில் கடன் இல்லாதவன் கிடையாது. கடன் வாங்கி மெஷின் போட்டவனும் இருக்கிறான், கடன் வாங்கி மகள் கல்யாணத்தை மூன்று நாள் நடத்தியவனும் இருக்கிறான். பாங்க் ஸ்டேட்மென்டில் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள், ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நாடும் அப்படித்தான். சேமிக்கிறதைவிடக் கூடுதலாக முதலீடும் செலவும் செய்தால், மீதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வந்த பணம் எதில் போய் உட்கார்ந்தது என்பதுதான் கேள்வி. 1991ல் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அடமானம் போனது, ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. அன்றைக்கு நம் கையிருப்பில் இருந்தது இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும்.

இனி வழிகள்.

பஞ்சு

எங்கள் பழைய மனுவின் முதல் வரியே இதுதான்: பஞ்சு இறக்குமதி வரியை நீக்குக. 2021 பட்ஜெட்டில் வந்தது இந்த வரி. அடிப்படைச் சுங்கம் 5, வேளாண் செஸ் 5, இரண்டின் மேலும் சமூகநல சர்சார்ஜ், ஆக 11 சதவீதம். 2022ல் பஞ்சு விலை ஒரு கேண்டி (356 கிலோ) லட்ச ரூபாயை நோக்கி ஏறியபோது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தள்ளுபடி செய்தார்கள். பிறகு மறுபடி போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 19ல் மறுபடி எடுத்தார்கள், முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் 31 வரை. நான் இதை எழுதியபோது அந்தக் கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு மில்காரர் சொன்னார்: "வரி இருக்குதுன்னாலும் பொழைச்சுக்கலாம், இல்லீன்னாலும் பொழைச்சுக்கலாமுங்க. இருக்குதா இல்லியான்னு தெரியாமத்தான் செத்துப்போறோம்."

பற்றாக்குறையைக் குறைக்க வரி போடு என்று கேட்பதுதானே நியாயம், நாம் எடுக்கச் சொல்கிறோமே என்று ஒருவர் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 2024-25ல் பஞ்சு இறக்குமதிக்குப் போனது சுமார் 120 கோடி டாலர். ஆயத்த ஆடையாக வெளியே விற்றது மட்டும் சுமார் 1,600 கோடி டாலர். பஞ்சு உள்ளே வந்து, நூலாகி, என் மெஷினில் துணியாகி, சாயப்பட்டறையில் முங்கி, டி-ஷர்ட்டாகத் திரும்பக் கப்பலேறுகிற சரக்கு. அதன் வாசலில் வரி வைத்தால் நாம் விற்கிற பொருளின் மேல் நாமே வரி வைத்ததாக ஆகும். வங்கதேசமும் வியட்நாமும் வரி இல்லாமல் பஞ்சு எடுக்கின்றன.

ஏற்றுமதிக்காரர்களுக்கு அட்வான்ஸ் லைசென்ஸில் வரியில்லாமல் எடுக்க வழி இருக்கிறதே என்பார்கள். பெரிய மில்லுக்கு உண்டு. எங்கள் மாதிரி ஆட்களோ உள்ளூர் நூல் வாங்குகிறவர்களை நம்பி இருக்கிறோம். வரி போட்டால் இறக்குமதி பஞ்சின் விலை மட்டும் ஏறுவதில்லை, அதன் நிழலில் உள்நாட்டுப் பஞ்சின் விலையும் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு லைசென்ஸ் ஏதும் கிடையாது.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை மனுவில் எழுதாமல் விட்டால் எனக்கே மனசு ஒப்பாது. வரி நீக்கிய அறிவிப்பு வந்த பருவத்திலேயே மகாராஷ்டிராவிலும் தெலங்கானாவிலும் விவசாயிக்குக் கிடைத்த விலை ஆதார விலைக்குக் கீழே போனது. 2025-26ல் நீள இழைக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். வாங்கிக்கொள்ள இந்தியப் பருத்திக் கழகம் இருக்கிறது, ஆனால் ஈரப்பதம் பார்த்து, பதிவு பார்த்து, வரிசையில் நிறுத்தித்தான் வாங்கும். திருச்செங்கோட்டுச் சங்கத்து ஏலத்துக்கு மூட்டை கொண்டுவருகிற நம் ஊர் விவசாயிக்கும் இதே கதைதான். ஆகவே வரியை எடு என்கிற கோரிக்கையோடு, விவசாயிக்கு விலை வித்தியாசத்தை நேரடியாகக் கொடு என்கிற கோரிக்கையும் சேர்ந்தே இருக்க வேண்டும். பஞ்சு வாங்குகிற நாங்கள் கொடுக்க வேண்டியதை விவசாயி தலையில் கட்டிவிட்டு நாட்டு நலன் பேசுவது அழகல்ல.

தேங்காய்

இந்த இடத்தில் என் மச்சினன் நுழைகிறான். ஆனைமலைப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னை. அவனுடைய கோரிக்கை எனக்கு நேர் எதிர்: "ஏனுங் மாமா, பஞ்சுக்கு வரி வேண்டாங்கறீங்க, சரி. பாமாயிலுக்கு மட்டும் போடச் சொல்லி எழுதுங்க." நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் சொல்வதில் முரண்பாடே இல்லை.

இந்தியா வருஷத்துக்குச் சுமார் 1.6 கோடி டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. நாம் தின்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். 2024-25ல் தாவர எண்ணெய்க்கு நாம் கொடுத்தது ஏறக்குறைய 1,700 கோடி டாலர். எல்லா ஆயத்த ஆடையும் விற்று வந்த டாலர் அத்தனையும், வடை பஜ்ஜி சுடுகிற எண்ணெய்க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணெய் பஞ்சு மாதிரி வேறு உருவெடுத்துத் திரும்பக் கப்பலேறுவதில்லை. வாணலியோடு சரி.

தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷன் கடையில் பாமாயில். லிட்டர் 25 ரூபாய். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் விவசாயிகள் அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடு என்று பல வருஷமாகக் கேட்கிறார்கள். கொப்பரை ஆதார விலைக்கும் கீழே கிடந்த 2023ல் ரோட்டில் தேங்காய் உடைத்துப் போராட்டமும் நடந்தது.

வரி என்ன செய்தது? 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளுக்கு எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்த வரி ஒரே நாளில் 27.5 ஆனது. அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் 16.5 ஆக இறங்கியது. இதற்கிடையில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. காங்கேயம் களங்களில் அப்படி ஒரு விலையை யாரும் பார்த்ததில்லை.

அப்படியானால் வரி வேலை செய்துவிட்டதா? மச்சினனைக் கேட்டால் கசப்பாகச் சிரிப்பான். விலை ஏறியதற்கு முதல் காரணம் தேங்காய் இல்லாமல் போனதுதான். ஆனைமலை வட்டாரத்தில் வேர் வாடல் நோய் தோப்பு தோப்பாக மரத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது, வெள்ளை ஈ வேறு. அவன் எட்டு ஏக்கரில் இருநூறு மரத்துக்கு மேல் வெட்டிவிட்டான். கொப்பரை 200 விற்ற மாதத்தில் அவன் களத்தில் காயப் போட இரண்டு லோடு காய்தான் இருந்தது. வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தென்னை நெல் மாதிரி அடுத்த பட்டத்தில் மாற்றிப் போடுகிற பயிர் அல்ல. வெட்டிய மரத்துக்குப் பதில் நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.

ஆக இந்த வரியைப் பற்றி என் கணிப்பு இப்படி: நியாயம் இருக்கிறது, தனியாக நின்றால் பலன் இல்லை. உள்ளூரில் எண்ணெய் பெருகாமல் வரி மட்டும் ஏறினால், கோவை பேக்கரிக்காரரும் ஈரோட்டுக் கூலிக்காரர் வீடும் கூடுதல் விலை கொடுத்து அதே இந்தோனேசிய எண்ணெயைத்தான் வாங்குவார்கள். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா மூன்று வாரத்துக்கு ஏற்றுமதியையே நிறுத்தியபோது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், வேறு வழி வைத்துக்கொள்ளாமல் ஒருவரை நம்பியிருப்பதுதான் உண்மையான பற்றாக்குறை என்று. வரி வேண்டும்தான். மூன்று நான்கு வருஷத்துக்கு அசையாமல் இருக்க வேண்டும், வசூலாகிற பணம் தென்னை நோய்க்கும் மறுநடவுக்கும் எண்ணெய் வித்துக்கும் போக வேண்டும். எட்டு மாதத்தில் ஏற்றி இறக்குகிற வரியை நம்பி யாரும் கன்று நட மாட்டார்கள்.

இதை எழுதி முடித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. 2024ல் சீனாவிலிருந்து வருகிற செயற்கை இழைப் பின்னல் துணிக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்களே, அன்றைக்குச் சங்கத்தில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தத் துணி உள்ளே வந்தால் என் மெஷின் நின்றுவிடும். ஆனால் அதே துணியை வாங்கித் தைத்து ஏற்றுமதி செய்கிறவருக்கு அது மூலப்பொருள், எனக்குப் பஞ்சு எப்படியோ அப்படி. ஆக, நான் வாங்குகிற இறக்குமதி நல்ல இறக்குமதி, என்னோடு போட்டி போடுகிற இறக்குமதி கெட்ட இறக்குமதி. டில்லிக்குப் போகிற மனுக்களில் பாதி இப்படித்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு என் கணக்கையும் சந்தேகத்தோடே படியுங்கள்.

தங்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024-25ல் தங்க இறக்குமதி சுமார் 5,800 கோடி டாலர். 2025 அக்டோபரில் மட்டும் 1,470 கோடி, அந்த மாதத் துண்டு அப்படி எகிறியதற்கு அதுதான் முக்கியக் காரணம். வரியால் அடக்கலாம் என்று 2013ல் 10 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள், 2022ல் 15. ஆசை குறையவில்லை, வழி மாறியது. கடத்தல் தங்கம் விமான நிலையங்களில் எந்தெந்த உருவில் வந்து மாட்டியது என்று நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைத்தார்கள். கோவைப் பட்டறைகளுக்கு அது நல்லது, செய்கூலி வாங்கிப் பிழைக்கிற ஆயிரக்கணக்கான கைகள் அங்கே இருக்கின்றன.

தங்கத்துக்கு மாற்று என்று 2015ல் தங்கப் பத்திரம் கொண்டுவந்தார்கள். இரண்டரை சதவீத வட்டி, இறக்குமதி தேவையில்லை, திருட்டுப் பயமும் இல்லை. வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். அதனாலேயே அரசுக்குக் கட்டுப்படியாகவில்லை, 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடு இல்லை. எங்கள் வீட்டில் அதையும் வாங்கினோம். ஆனால் மகள் சீருக்குப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தாம்பாளத்தில் வைக்க முடியாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மனுவிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

ரூபாயை விட்டுவிடுவது

டிசம்பர் முதல் வாரத்தில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. "உங்களுக்கென்னங்க, திருப்பூருக்குக் கொண்டாட்டம்தானே" என்று மூன்று பேர் போனில் கேட்டார்கள். புத்தகக் கணக்கில் அப்படித்தான். ரூபாய் இறங்கினால் நம் பொருள் அவர்களுக்கு மலிவு, அவர்கள் பொருள் நமக்குக் கிராக்கி, துண்டு தானாகச் சுருங்கும்.

நடப்பில் என்ன ஆகிறது என்றால், வெளிநாட்டு பையர் நம்மைவிடக் கவனமாக டாலர் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த ஆர்டர் பேசும்போதே "உங்க ரூபா எறங்கியிருக்கே, பீஸுக்குப் பத்து சென்ட் கொறைங்க" என்கிறான். மீதி லாபம் ஃபார்வர்டு புக் பண்ணியவருக்கு, அதாவது டாலரை என்ன விலைக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே பாங்கில் பேசி வைத்தவருக்குக் கிடையாது. சாயம், கெமிக்கல், ஜிப், என் மெஷினுக்கு ஊசி, சின்கர் எல்லாம் டாலரில் ஏறுகிறது. பெரிய இறக்குமதியான கச்சா எண்ணெயை ரூபாய் இறங்கியதற்காக யாரும் குறைத்து வாங்கப் போவதில்லை. 2024-25ல் பெட்ரோலியப் பொருள்களுக்குப் போனது சுமார் 18,600 கோடி டாலர். நம் தேவையில் ஏறக்குறைய 88 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது. விலை ஏறினால் துண்டு முதலில் பெரிதாகும், சுருங்குவதெல்லாம் பிறகு. மச்சினன் தென்னைக்குப் போடுகிற பொட்டாஷும் இறக்குமதிதான், அதுவும் டாலரோடு ஏறும்.

1966 ஜூனில் ரூபாயை 4.76லிருந்து 7.50க்கு இறக்கினார்கள். அந்த வருஷம் மழை பொய்த்துக் கிடந்தது, விற்கவே சரக்கில்லை, ஏற்றுமதி உடனே பெருகவும் இல்லை. விற்கிற கை தயாராக இல்லாதபோது விலையை மட்டும் குறைத்துப் பயனில்லை. அதற்காக ரூபாயைப் பிடித்து நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். மெதுவாக இறங்கட்டும், தடதடவென்று வேண்டாம். ஆனால் மனுவில் கேட்டு வாங்குகிற வழி அல்ல இது.

விற்பதைக் கூட்டுவது

எல்லோரும் சொல்கிற வழி, எல்லோருக்கும் பிடித்த வழி. யாரையும் அடிக்காத வழி இது ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன், 2025 ஆகஸ்ட் 27 வரைக்கும். அன்றைக்கு அமெரிக்கா நம் சரக்கின் மேல் போட்ட வரி 50 சதவீதம் ஆனது. அவர்களும் தங்கள் துண்டைக் குறைக்கிறார்களாம்! திருப்பூர் பின்னலாடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அந்த ஒரு நாட்டுக்குப் போகிறது. என் ஷெட்டில் இரண்டு ஷிப்ட் ஒன்றானது. பார்ட்டி ஒருவர் வெட்டிய துணியைக் கட்டி வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிப் போனவர், தீபாவளி போனஸ் கொடுக்கிற வரைக்கும் வரவில்லை.

மாற்றுச் சந்தை இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அங்கே நம் ஆடைக்கு வரி இருக்காது. அங்கே இதுவரை வங்கதேசத்துக்கு இருந்த சாதகம் நமக்கும் கிடைக்கும். ஆனால் உலகம் உடுத்துவது பாதிக்கு மேல் செயற்கை இழை, நாம் இன்னும் பருத்தியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பாலியெஸ்டர் ஓட்ட நான் மெஷினை மாற்றினால் ஜெர்மனியிலிருந்தோ தைவானிலிருந்தோ வர வேண்டும். அந்த வருஷம் நாட்டின் துண்டில் என் பங்கும் சேரும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், மெஷின் போட்ட கடன் என்று முன்பு சொன்னேனே, அந்த வகை இது.

இங்கேயே விளைவிப்பது

கடைசியாக வைத்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் நம் ஊர்க்காரர் ஒருவர்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964ல் மத்திய உணவு, வேளாண் அமைச்சர் ஆனபோது நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. கோதுமை இறக்குமதியைக் குறைக்க அவர் கோதுமைக்கு வரி போடவில்லை. மாறாக இன்னொன்றை இறக்குமதி செய்தார்: 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை. அதற்கு முன்பே, 1965ல், விலையை நிர்ணயிக்க ஒரு கமிஷனும் வாங்கிக்கொள்ள உணவுக் கழகமும் வந்திருந்தன. விதை, உரம், தண்ணீர், விலைக்கு உத்தரவாதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. அடுத்த சில வருஷங்களில் பஞ்சாபில் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் கோதுமை மூட்டை அடுக்கினார்கள்.

பஞ்சுக்கு இதைச் செய்ய நமக்கு என்ன குறை? 2013-14ல் ஏறக்குறைய 400 லட்சம் பேல் (ஒரு பேல் 170 கிலோ) விளைந்த நாட்டில் 2024-25ல் 300 லட்சம்கூட எட்டவில்லை. ஹெக்டேருக்கு நம் பஞ்சு விளைச்சல் 450 கிலோவைச் சுற்றி நிற்கிறது, பிரேசிலில் 1,800க்கு மேல். புழுவைத் தடுக்க மரபணு மாற்றிய பி.டி. விதைக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டுவிட்டது. மிக நீள இழைப் பஞ்சை எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எடுக்கிறோம். அந்த வகையில் உலகத்தரமான சுவின் ரகம் 1974ல் நம் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் பிறந்தது. ஆத்தூர்ப் பக்கம் விளைந்தது. நீண்ட நாள் பயிர், பறிப்புக் கூலி அதிகம், விலைக்கு உத்தரவாதம் இல்லை, விவசாயி மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விட்டார். 2025 பட்ஜெட்டில் பருத்திக்கு ஐந்தாண்டு இயக்கம் ஒன்றை அறிவித்தார்கள், மிக நீள இழையையும் சேர்த்து. எங்கள் மனுவின் கனமான கோரிக்கை இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த வழிக்கும் அடி உண்டு. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலக்கிறோம், கச்சா எண்ணெய் இறக்குமதி அந்த அளவுக்கு மிச்சம் என்று அரசு சொல்கிறது. அந்த எத்தனாலில் பெரிய பங்கு இப்போது மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் சம்பந்திக்குத் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். "முட்டை வெலைய நாமக்கல்லுல நிர்ணயம் பண்றோம் சம்பந்தி, சோளத்து வெலைய பெட்ரோல் பங்க்குல நிர்ணயம் பண்றாங்க" என்பார். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024ல் இறக்குமதி செய்தது. பண்ணைக்காரர்கள் வரியில்லாமல் சோளம் எடுக்க விடு என்று மனுக் கொடுத்தார்கள். எண்ணெயில் அடைத்த ஓட்டை சோளத்தில் திறந்துகொண்டது. ஆனால் இதே விலையேற்றத்தில் சேலம், பெரம்பலூர்ப் பக்கம் சோளம் போட்ட விவசாயி பல வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காற்றாலை வழியில் அப்படி யாரையும் அடிப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை வரைக்கும் ஓசியில் வருகிறது. தொண்ணூறுகளில் இருந்தே மில்கள் சொந்தச் செலவில் காற்றாடி போட்டன. இன்று தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் காற்றாடி மிச்சப்படுத்துவது நிலக்கரியை, டீசலை அல்ல. லாரியும் பஸ்ஸும் கரண்டில் ஓடினால்தான் கச்சா எண்ணெய்ப் பக்கம் கணக்கு இறங்கும், அதற்கு பாட்டரி சீனாவிலிருந்து வர வேண்டும். சீனாவோடு நமக்கு 2024-25லேயே 9,900 கோடி டாலர் துண்டு. இருந்தாலும் டீசல் அன்றன்றைக்கு எரிந்து தீர்கிற செலவு, பாட்டரி எட்டுப் பத்து வருஷம் ஓடும்.

நான் எழுதியதில் கடைசியாக நின்றது நாலு கோரிக்கை. பஞ்சு இறக்குமதி வரியை நிரந்தரமாக நீக்குக, தேதி போட்டுத் தள்ளுபடி வேண்டாம். அதனால் பருத்தி விவசாயிக்கு ஆதார விலைக்குக் கீழே விழுகிற வித்தியாசத்தை நேரடியாகக் கொடுக்க. பருத்தி இயக்கத்தில் சுவின் விதைக்கும் கொள்முதலுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குக. ஜாப் ஒர்க் யூனிட்கள் பழைய மெஷினை மாற்ற வட்டி மானியம் தருக.

சீனத் துணிக்கு வைத்த குறைந்தபட்ச விலையைத் தொடரச் சொல்லி ஐந்தாவது வரி ஒன்றை எழுதி, இரண்டு நாள் வைத்திருந்து, அடித்துவிட்டேன். தலைவர் கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவே கேட்டார், உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே பேனாவை எடுத்து அதைத் திரும்ப எழுதி, பக்கத்தில் "இரண்டு வருடத்துக்கு மட்டும்" என்று சேர்த்தார்.

பாமாயில் வரி பற்றி அடியில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தேன். "நம்ம மனுல தேங்கா எதுக்குங்க?" என்றார் பொருளாளர். மச்சினன் வீட்டில் பொங்கலுக்குப் போய் உட்கார வேண்டும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, டைப் அடிக்கிற பையனிடம் அதையும் சேர்த்துக் கொடுத்தார்.